கல்

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், லக்னோவிலிருந்து வந்தவர், இன்று கைபேசியில் ஒரு பழைய இந்திப் பாட்டைப் போட்டார். முதல் இழுப்பிலேயே, இடித்துக் கடைகளாக்கிவிட்ட எங்கள் அதிராம்பட்டினம் மாடி அறை உப்புக்காற்றோடு திரும்பி வந்தது.

துபாயிலிருந்து வாப்பா கேசட்டில்தான் பேசி அனுப்புவார், மிச்ச நாடாவில் தனக்குப் பிடித்த பாட்டொன்றைப் பதிந்துவிடுவார். இந்தப் பாட்டும் அப்படி வந்ததுதான். "இது அவார்டு படத்துப் பாட்டும்மா. ஆட்டமெல்லாம் இருக்காது. அந்தப் பொண்ணு ஜன்னல்கிட்ட சும்மா உக்காந்திருக்கும்." ரயிலடிப் பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசியிருந்த காலம், உம்மா சத்தத்தைக் குறைத்தே வைப்பார். அந்தச் சன்னக் குரலில் 'கல், கல்' என்று திரும்பத் திரும்ப வந்ததை, இறந்தவர்களின் கபர் தலைமாட்டில் நடும் மீசான் கல் என்றே நினைத்துப் பயந்தேன். உம்மா பதில் கேசட்டில் அதைச் சொல்ல, அடுத்ததில் வாப்பா சிரித்தார்: "கல்லுன்னா நாளைக்கின்னு அர்த்தம்மா."

அதன்பிறகு நாடா தேயும்வரை கேட்டேன். வாப்பா வரவில்லை. அங்கேயே அடக்கிவிட்டார்கள், அவருக்கு நட்ட கல்லை நாங்கள் பார்க்கவேயில்லை.

"நாளைக்குன்னுதானே பாடுறாங்க?" என்று லக்னோக்காரரிடம் கேட்டேன்.

"அந்த வார்த்தை ரெண்டுக்கும் வரும் மேடம்," என்றார். "இந்தப் பாட்டுல அது நேத்து."