ஸ்டிக்கை முன்னால தள்ளுங்க மேடம்!

போன செவ்வாய்க்கிழமை காலை, ஜவ்வாது மலை என் கண் முன்னால் பம்பரம் மாதிரி சுற்றியது.

மலை சுற்றாது, எனக்கும் தெரியும். சுற்றியது நான். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். முதுகில் பாராசூட். கண்ட்ரோல் ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றோடு சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி முழுக்க வயல், ஏரி, மலை, மறுபடியும் வயல்...

“மேடம், கைய வுடுங்க!”

ஹெட்போனில் டில்லிபாபுவின் குரல். பக்கத்து சீட்டில்தான் இருந்தான். நான் விடவில்லை.

“இன்னா மேடம் பண்றீங்க? வுடுங்க!”

விட்டால்தானே? கடைசியில் அவன் கத்தினான் – “ஐ ஹேவ் கண்ட்ரோல்!”

பைலட்டுகளுக்கு இந்த மூன்று வார்த்தைகள் மந்திரம் மாதிரி. யார் சொன்னாலும் அடுத்தவர் கையை எடுத்துவிட வேண்டும். பதினெட்டு வருஷப் பழக்கம். மூளை உறைந்துபோயிருந்தாலும் கை தானாக விலகியது. இரண்டு விநாடி... சுற்றல் நின்றது. மலை அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? நான் விமானம் ஓட்டச் சொல்லித்தருகிறவள் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும். டில்லிபாபு யார் என்பது தெரியாது. கண்ணமங்கலத்துப் பையன். அப்பாவுக்கு டிராக்டர் மெக்கானிக் ஷாப். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என்னிடம்தான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டான். இன்றைக்கு வானத்தில் குட்டிக்கரணம் போடுவதில் கெட்டிக்காரன்.

எங்கள் பயிற்சிப் பள்ளி இந்த வருஷம் ஒரு முடிவு எடுத்தது. ஆசிரியர்கள் எல்லோரும் ஸ்பின்னிலிருந்து மீளும் பயிற்சியை எடுத்தே ஆக வேண்டும். தேறாதவர்கள் அதுவரை மாணவர்களோடு பறக்கக் கூடாது. சொல்லித்தர வந்தவன் யார்? என் பழைய மாணவன்!

ஸ்பின் என்றால் வேறொன்றுமில்லை. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வேகம் குறைந்துபோனால், ஒரு கட்டத்தில் இறக்கைகளுக்குத் தூக்கும் சக்தி போய்விடும். ஒரு இறக்கை முந்திக்கொண்டு சரியும். அவ்வளவுதான், விமானம் சுற்றிக்கொண்டே கீழே இறங்க ஆரம்பிக்கும். அப்போது யாருக்கும் தோன்றுவது – ஸ்டிக்கை இழு, மேலே போ! அதுதான் தப்பு. இழுக்க இழுக்கச் சுற்றல் விடாது. தரை உங்களைப் பார்த்து வருகிறபோது, நீங்கள் ஸ்டிக்கைத் தரையைப் பார்த்துத் தள்ள வேண்டும். சொல்வது சுலபம்.

நானும் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

மறுபடி எட்டாயிரம் அடிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். டில்லி மெதுவாகக் கேட்டான்.

“மேடம், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“பவரக் கொற, ஸ்டிக்க நடுவுல வை, சுத்தறதுக்கு எதிர்ப்பக்கம் ரட்டர் பெடல முழுசா மிதி, அப்புறம் ஸ்டிக்க முன்னால தள்ளு. போர்டுல எழுதிப் போட்டு நீங்கதான எனக்கு சொல்லிக் குடுத்தீங்க? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்னு திட்னீங்களே?”

பொய் சொல்லத் தோன்றியது. உடம்பு சரியில்லை, ராத்திரி தூங்கவில்லை... எத்தனை சாக்கு இல்லை? ஆனால் அத்தனை உயரத்தில், பாராசூட்டைக் கட்டிக்கொண்டு எதற்குப் பொய்?

“சொல்லிக் கொடுத்தேன் டில்லி. செஞ்சதில்ல.”

திரும்பிப் பார்த்தான்.

“ஸ்டூடண்டா இருக்கும்போது ஒரு தடவ செஞ்சு காட்டினாங்க. நான் கண்ண மூடிக்கிட்டேன். யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் எப்படியோ தப்பிச்சுட்டே வந்துட்டேன்.”

முகம் சுடுகிறது எனக்கு. இறங்கினதும் எல்லோரிடமும் சொல்லிவிடுவானோ? சொன்னாலும் நியாயம்தானே?

அவன் சிரித்துவிட்டான். கிண்டல் சிரிப்பில்லை, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவனின் சிரிப்பு.

“மேடம், நானு மொத தடவ பண்ணப்போ ‘எம்மா’ன்னு கத்திட்டேன். ரேடியோ பட்டன வேற அமுக்கிக்கினு இருந்தேன். கண்ட்ரோல் டவர்ல இருந்தவங்க எல்லாம் கேட்டுட்டாங்க. ஒரு வாரம் என்னப் பாத்தாலே ‘எம்மா’ன்னு கூப்ட்டாங்க!”

சிரித்து முடிக்கும்போது எட்டாயிரம் அடி வந்துவிட்டது.

“இப்ப நீங்க பண்றீங்க. நானு கையக் கட்டிக்கினு ஒக்காந்துக்கறேன். கண்ண மட்டும் மூடாதீங்க. சத்தம் போட்டு சொல்லிக்கினே செய்ங்க.”

சுற்றும் முற்றும் பார்த்தேன். கீழே ஆள் நடமாட்டமில்லாத பொட்டல். பவரைக் குறைத்தேன். மூக்கு மேலே எழுந்தது. விமானம் ஒரு உலுக்கு உலுக்கியது. இடது இறக்கை சரிந்தது... சுற்ற ஆரம்பித்துவிட்டது!

“பவர் கொறச்சாச்சு!” – என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. “ஸ்டிக் நடுவுல! வலது ரட்டர்!” முழுசாக மிதித்தேன். கை மட்டும் இழு இழு என்கிறது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். பொட்டல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

“முன்னால!” என்று நானே கத்திக்கொண்டு தள்ளினேன்.

நின்றுவிட்டது!

சட்டென்று, யாரோ கையால் பிடித்து நிறுத்தின மாதிரி. ரட்டரை நேராக்கி, மெதுவாக மூக்கைத் தூக்கினேன். கண்ணாடியில் வானம் வந்தது. அதற்குக் கீழே ஜவ்வாது மலை, பச்சையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி படுத்திருந்தது. ஜமுனாமரத்தூர் போகிற பாதை கோடு மாதிரி வளைந்து வளைந்து ஏறியது. அழகான மலை. இத்தனை வருஷம் இதன் பக்கத்திலேயே பறந்தும் கவனித்ததில்லை.

டில்லி கையைக் கட்டிக்கொண்டே இருந்தான். “ஓகேவா மேடம்? இறங்கிடலாமா?”

“இறங்கறதா? இன்னொரு தடவ!”

மொத்தம் ஏழு தடவை. இடது பக்கம், வலது பக்கம். கடைசி இரண்டில் நான் சிரித்துக்கொண்டே சுற்றினேன். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி... ராட்டினத்தில் ஏறின குழந்தை மாதிரி.

தெரியும் என்பது வேறு, செய்திருக்கிறேன் என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் எட்டாயிரம் அடி இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அளந்தேன். மறுநாள் வகுப்பில் மாணவர்களிடம் இதை அப்படியே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் மட்டும் கை தூக்கினாள் – “மேடம், எனக்கும் பயமா இருக்கு. சொல்லலாமா?” என் வகுப்பில் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

இருங்கள், செவ்வாய்க்கிழமை இன்னும் முடியவில்லை. இறங்கினதும் பசி. டில்லியின் வீட்டில் சாப்பாடு என்று கிளம்பினோம். வழியில் படவேடு ரோட்டில் கரும்பு ஜூஸ் வண்டியைப் பார்த்துக் காரை நிறுத்தினேன். வண்டிக்கார அம்மா மெஷினில் கரும்பைக்கூட விடாமல், கையைச் சுழற்றிச் சுழற்றி ஒரு பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்தாண்ட பக்கம்தாங்க! சின்ன பிளேனு. சுத்திக்கினே வுழுந்துச்சி, அப்புறம் எழுந்துகிச்சி. மறுபடியும் வுழுந்துச்சி! யார் பெத்த புள்ளையோ, உள்ள இன்னா பாடு பட்டுச்சோ... எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சி.”

டில்லிக்கு வாய் சும்மா இருக்குமா? “யக்கா, அது தானா வுழல. இவங்கதான் வேணும்னே ஓட்னாங்க. ட்ரெய்னிங்கு!”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீயாம்மா? வேணும்னேவா? எத்தினி தடவ?”

“ஏழு தடவைங்க” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“அய்ய, நானு மூணுக்கு மேல கண்ண மூடிக்கினேன்மா. மூணு தடவைக்குத்தான் படவேட்டு அம்மனுக்குக் கற்பூரம் ஏத்திக் கீறேன். மிச்சம் நாலு, நீயே போய் ஏத்திட்டு வந்துடு!”

ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.