தொண்ணூற்றெட்டுக்கு ஒரு ஜோடி

என் கணவரின் காக்கிச் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: லாட்டரி.

துவைக்கப் போடுமுன் பையைத் துழாவுவது என் வழக்கம். நாலாக மடித்த தாள். ஒரு பக்கம் மலையாளத்தில் அச்சடித்த லாட்டரி முடிவு. மறுபக்கம் அவர் கையெழுத்தில் வரிசையாக எண்கள். 48 என்று எழுதி, பக்கத்தில் 5, 43. அதற்குக் கீழே 50, பக்கத்தில் 3, 47. பிறகு 52, பக்கத்தில் 5, 47. இப்படியே தாள் நிறைய.

போடியில் லாட்டரி கிடையாது. ஆனால் போடிமெட்டு ஏறிக் கேரளச் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பெட்டிக்கடையிலேயே தொங்கும். அவர் தினமும் அங்கேதான் போகிறார். விடியுமுன் ஏலத்தோட்டத்து வேலைப் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனால், சாயங்காலம் அவர்களோடுதான் இறங்குவார். நடுவில் பகல் முழுக்க மலைமேல் என்ன செய்கிறார் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. என் கூடப்பிறந்த அண்ணன் இந்த டிக்கெட்டைத் தொட்டுக் கடன்பட்டுத்தான் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனான். தாளோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"இது என்னங்க?"

அவர் தாளை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். "டீசல் கணக்கு."

பொய். டீசல் கணக்கு இப்படி இரண்டிரண்டாகவா வரும்? நான் தையல்காரி. எதையும் டேப் வைத்துப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாத புத்தி எனக்கு. அன்றிலிருந்து அவரையே அளக்க ஆரம்பித்தேன். சாப்பிடும்போது உதடு அசையும். கூப்பிட்டால் காது கேட்காது. ஒருநாள் ஜீப் சீட்டுக்கு அடியில் கை விட்டேன். அதேபோலத் தாள்கள், ஒரு கட்டு.

அவரோடு வண்டி ஓட்டுகிற தம்பி ஒருவருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, பகல்ல அவரு உங்ககூடத்தான இருக்காரு?"

"இல்ல மதினி. வண்டியப் போட்டதும் தனியாப் போயிருவாரு. செக்போஸ்ட்டுக்கு அங்கிட்டு. கேட்டா சோலி இருக்கும்பாரு."

மறுநாள் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை அப்படியே போட்டுவிட்டு மூணாறு பஸ்சில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவரிடம் கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இறங்கிச் செக்போஸ்ட்டைத் தாண்டினேன். நினைத்தபடியே இருந்தார். டீக்கடை பெஞ்சு, அதை ஒட்டி லாட்டரித் தட்டி. தட்டிக்காரரிடமிருந்து அவர் சில தாள்களை வாங்கி மடித்துப் பைக்குள் வைப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

"எத்தனை டிக்கெட்டு?" என்றேன், பின்னால் நின்று.

அவர் எழுந்த வேகத்தில் டீ கவிழ்ந்தது. "நீ எங்க இங்க?"

"எத்தனைன்னு கேட்டேன்."

தட்டிக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சேச்சி, இயாள் இதுவரை ஒரு டிக்கெட்டும் எடுத்திட்டில்லா. பழைய பேப்பர் மாத்ரம். எழுதான்!" என்றார் சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஒரு டிக்கெட்கூட வாங்கியதில்லையாம், எழுதிப் பார்க்கப் பழைய தாள் மட்டும்தானாம்.

நான் நம்பவில்லை. அவர் என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். முகம் சிவந்திருந்தது.

"பன்னெண்டு பேரை ஜீப்புல ரெண்டு ரெண்டா, மூணு மூணா, நாலு நாலா உக்கார வைக்கலாம். மிச்சம் விழாது. பதிமூணு பேருன்னா எப்படிப் பிரிச்சாலும் மிச்சம் விழும். அந்த மாதிரி எண்ணுக்குப் பகா எண்ணுன்னு பேரு. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு…"

"அதுக்கு என்ன?"

"ரெண்டுக்கு மேல எந்த ரெட்டைப்படை எண்ணைச் சொன்னாலும் ரெண்டு பகா எண்ணைக் கூட்டிக் கொண்டுவந்துரலாம். முப்பதுன்னா ஏழும் இருபத்திமூணும். சொல்லிப் பாரு."

வேண்டுமென்றே பெரியதாகச் சொன்னேன். "தொண்ணூத்தெட்டு."

"மூணு போனா தொண்ணூத்தஞ்சு. ஆகாது, அஞ்சால வகுபடும். அஞ்சு போனா தொண்ணூத்திமூணு, அதுல மூணு போகும். ஏழு போனா தொண்ணூத்தொண்ணு…"

"அது எதுலயும் வகுபடாதே" என்றேன்.

"பாத்தா அப்படித்தான் தெரியும். ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு."

பதினொன்றைக் கழித்தார், ஆகவில்லை. பதிமூன்றும் ஆகவில்லை, பதினேழும் ஆகவில்லை. மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "பத்தொம்பது போனா எழுபத்தொம்பது" என்றார். விரல் மடக்கி வகுத்துப் பார்த்தார். "எழுபத்தொம்பது பகா எண்ணுதான்."

எனக்குள் ஏதோ லேசாகச் சிலிர்த்தது. அதை வெளிக்காட்டவில்லை.

"எல்லா எண்ணுக்கும் இப்படி வருமா?"

"தெரியல."

"யாருக்குத்தான் தெரியும்?"

"யாருக்குமே தெரியாதாம். போன்ல ஒரு வீடியோவுல பாத்தேன். இருநூறு வருசத்துக்கு மேலயே தேடுறாங்களாம். கம்ப்யூட்டரை வச்சு எவ்வளவோ தூரம் போயும் பிசகல. ஆனா பிசகவே பிசகாதுன்னு யாராலயும் நிரூபிக்க முடியலையாம்."

"கம்ப்யூட்டரே பாத்திருச்சுன்னா நீங்க எதுக்கு எழுதுறீங்க?"

"அது பாத்தத நான் பாத்தேனா?"

மறைத்தது ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். "நாப்பத்தாறு வயசுல உக்காந்து கணக்குப் போடுறேன்னு சொன்னா நீ சிரிப்ப."

அந்தத் தாள்கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர் சொன்னது சரிதானா என்று நானே பார்க்காமல் விடுவதாக இல்லை. தையலுக்கு நடுவே ஒவ்வொரு வரியாகச் சோதித்தேன். தொண்ணூற்றொன்றிடம் ஏமாந்தவள், அதனால் எந்த எண்ணையும் முகம் பார்த்து விடவில்லை. மூன்றாம் நாள் ஒரு வரியில் நின்றேன். 224, பக்கத்தில் 3, 221. எனக்கு அந்த இருநூற்றி இருபத்தொன்று பிடிபடவில்லை. சட்டைப் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, அத்தனை பொத்தான்களை எண்ணி எடுத்து, வரிசை வரிசையாகப் பரப்பினேன். ஏழேழாக வைத்தால் மிச்சம். பதினொன்றாக வைத்தாலும் மிச்சம். பதிமூன்று பதிமூன்றாக வைத்தேன். பதினேழு வரிசை, ஒரு பொத்தான் மிஞ்சவில்லை. அது பகா எண்ணே இல்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் தரையைக் காட்டினேன். செருப்பைக் கழற்றாமலே குந்தி உட்கார்ந்தார்.

"அப்ப இதுக்கு ஜோடியே இல்லையா?" என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். ஐந்தைக் கழித்தோம், ஆகவில்லை. ஏழும் பதினொன்றும் ஆகவில்லை. உலகமே தேடிய பிசகு எங்கள் வீட்டுத் தரையில் கிடக்கிறதோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பதிமூன்றைக் கழித்தால் இருநூற்றிப் பதினொன்று. அதைப் பதிமூன்று வரை இருக்கிற எல்லாப் பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் மிச்சம் விழுந்தது.

"அப்பாடா" என்று அவர் சுவரில் சாய்ந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நான் மலையேறிப் போய்ச் சண்டை பிடித்த கதை ஜீப் ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது அவர் தனியாகப் போவதில்லை. மற்ற டிரைவர்கள் வேண்டுமென்றே பெரிய பெரிய எண்ணாகச் சொல்லி அவரை வம்புக்கு இழுக்கிறார்களாம். எழுதிய தாளைச் சாயங்காலம் என் மிஷின்மேல் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். மூவாயிரத்தைத் தாண்டிவிட்டோம். இனிமேல் பிசகாது என்கிறார் அவர். மூவாயிரம் சட்டை சரியாக வந்தது என்பதற்காக அடுத்த சட்டையை அளவெடுக்காமல் வெட்ட முடியுமா என்று நான் கேட்டேன். அதற்கு அவர் அடுத்த தாளை எடுத்து வைத்தார்.