எட்டாவது இடம்

ஹில்டா மேடம் காக்ஸ் டவுன்காரர். முப்பது வருடமாகப் பெண்கள் கல்லூரி டிரில் அணியின் பயிற்சியாளர். மயக்கம் வந்தாலும் வரிசையை விட்டு நகரக்கூடாது என்பார். அப்படி வெயிலில் நின்றே விழுந்து செத்தவள் ரெஜினா. அன்றிலிருந்து அவளுடைய எட்டாவது இடம் காலி. ஏழுக்கு அடுத்து ஒன்பது என்றே எண்ணுவார்கள்.

இந்த வருடம் புது முதல்வர், "இதென்ன மூடநம்பிக்கை?" என்று கேட்டதால், புதிதாகச் சேர்ந்த தர்ஷினியை அங்கே நிறுத்தினார் ஹில்டா.

எண்ணிக்கை தொடங்கியது. ஏழாமவள் "செவன்" என்றாள். தர்ஷினி "நைன்" என்றாள்.

"நீ எய்ட்டுடி! காது கேக்கலையா?"

"எய்ட்டுன்னு பக்கத்துலயே யாரோ சொல்லிட்டாங்க, மேடம்."

ஹில்டாவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "ரெஜினா, போதும்மா. நிழல்ல போய் உக்காரு."

மரத்தடி வரை பூட்ஸ் சத்தம் மட்டும் நடந்து போனது.