குளுவாங்கில் இறங்காத தட்டு

போன வாரம் செனாயிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் போனேன். பக்கத்து இருக்கைக்காரர் தடித்த மர்ம நாவல் ஒன்றில் மூக்கைப் புதைத்திருந்தார். கோட்டும் சூட்டுமாய் இருக்கிற மனிதருக்கு இந்தக் குப்பை எதற்கு? பணிப்பெண் கோப்பி நீட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை. தாளின் வாடை என் பக்கம் அடித்தது. பெரிய கிராணியின் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஜொகூரில் பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா. பெரிய கிராணிக்கு ஊரிலிருந்து கப்பலில் துப்பறியும் நாவல்கள் வரும். எல்லாம் ஒரே கதைதான், அட்டைதான் வேறு: மாளிகை, பிணம், முகமூடி. ஜொகூர் பாருவுக்குப் போகும் ரயிலில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். எழுத்தறியாத தோட்டத்துச் சனம் சுற்றிக் குந்திவிடும். ஸ்டேஷன் வந்தால், கத்தி ஓங்கிய இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். யாராவது கோப்பி வாங்கிக் கொடுத்தால்தான் மறுபடி திறப்பார். படித்த மனிதர் எடுத்த பிச்சை அது. சனமும் பழகிவிட்டது, புத்தகம் மூடினால்தான் அவர்களுக்கு ஸ்டேஷன்.

ஒரு நாள் எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் செல்லம்மாவும் வண்டியில் இருந்தாள். குளுவாங்கில் மாமன் வீட்டில் இருந்த மகளுக்கு நிச்சயதார்த்தம். புருஷன் இல்லாதவள். மாற்ற வேண்டிய தட்டைத் துணியில் கட்டி மடியில் வைத்திருந்தாள். நல்ல நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

குளுவாங்குக்கு முந்தின பாலோ ஸ்டேஷனிலேயே யாரோ கிராணிக்குக் கோப்பியும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மகான் குளுவாங்கில் புத்தகத்தை மூடவே இல்லை. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தேன். வண்டி நகர்ந்த பிறகுதான் செல்லம்மா அலறினாள்.

"ஐயோ, குளுவாங் போச்சே! நீங்க மூடலியே ஐயா!"

"நான் என்ன ஸ்டேஷன் மாஸ்டரா? உக்காரும்மா, கொலகாரன் இப்ப மாட்டிக்குவான்."

அடுத்து வண்டி நின்ற ரெங்கத்தில் இறங்கினாள். திரும்பிப் போக வண்டி சாயங்காலம்தான். நேரம் தப்பியதும், சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்களாம். அவர்களும் நல்ல ஜென்மங்கள்!

ஜொகூர் பாருவில் இறங்கும்போது, வெட்கமில்லாமல் நானே கேட்டேன், கொலைகாரன் யார் என்று. கிராணி சிரித்தார்.

"கடைசிப் பக்கத்தையெல்லாம் கரையான் தின்னுருச்சுப்பா. யாருக்குத் தெரியும்?"

இப்போது அந்தத் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. மூன்றாம் வகுப்புப் பெட்டி போயிற்று, கிராணி போனார், உரக்கப் படிப்பதும் கேட்பதும் போயிற்று. ஒழிந்தது நல்லது என்றுதான் சொல்வேன். செல்லம்மாவின் மகளைப் பெண் கேட்டு அதன் பிறகு யாருமே வரவில்லை.