முதலியார் டிராயர்

யுத்த சமயத்தில் திண்டிவனம் வாசகசாலைக்கு ஒரு நூலகர் வந்தார். சென்னைக்குப் போய், சர்வகலாசாலையில் நூலகப் படிப்பு முடித்தவர். ஒல்லி உடம்பு, தூங்காத கண்கள். புத்தக அட்டவணைக்கான அட்டை ஒவ்வொன்றையும் எழுதியதும் வாயால் ஊதி மையை உலர்த்தி, அகரவரிசைப்படி மர டிராயரில் அடுக்குவார்.

"இன்னுமா அட்டை எழுதி முடியலைங்க?" என்றேன், புத்தகம் எடுக்கப் போன ஒரு நாள்.

"எங்கங்க முடியறது? முன்னாடி இருந்தவரு வெள்ளைக்காரங்க வழக்கப்படி கடைசிப் பேர முன்னால போட்டுட்டாரு. நம்மாளுங்களுக்குக் கடைசியில ஜாதிதான வருது! பிள்ளைக்கு ஒரு டிராயரு, முதலியாருக்கு ஒரு டிராயரு. ஒரே பேஜாரு. எல்லாத்தையும் திருப்பி எழுதிக்கினு இருக்கேன். எழுதினவர் பேரச் சொன்னா புஸ்தகம் கெடைக்கணுங்க. நான் படிச்சது அதுக்குத்தான்."

"சரி, வர்றேன் முதலியாரே" என்றேன், ஊரே அவரைக் கூப்பிடுகிறபடி.

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, எப்போதோ உலர்ந்துவிட்ட அட்டையை மறுபடியும் ஊதினார்.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.