கருநாக்கு

ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவள் பிரேக்கக்கா. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக் கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பிரேக்கிலேயே குடியிருந்ததில் அவளுடைய வலது காலுக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் மிதிக்கும், டிவியில் கார் துரத்தல் ஓடினாலும் மிதிக்கும். ஒருமுறை பல் டாக்டர் டிரில்லோடு குனிந்தபோது நாற்காலியின் கால் பலகையை ஓங்கி மிதித்துவிட்டாள். "எங்கேம்மா வலிக்குது?" என்று பதறினார் டாக்டர். "வலிக்கல டாக்டர். நீங்க கொஞ்சம் வேகமா வர்றீங்க" என்றாள்.

அவளிடம் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் ஸ்டியரிங் கிடையாது. எஞ்சினை அணைத்துவிட்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் காரைக் கையால் தள்ளச் சொல்வாள். பாங்கு மேனேஜராக இருந்தாலும் தள்ளத்தான் வேண்டும். நாக்குத் தள்ள நிற்பவரைப் பார்த்து, "எவ்வளவு கனம் பாத்தீங்களா? நாளைக்கு இதைத்தான் ஜனங்க நடுவுல ஓட்டிக்கிட்டுப் போகப் போறீங்க" என்பாள். காசும் கட்டிவிட்டுக் காரையும் தள்ளுவதா என்று சண்டை பிடித்துக்கொண்டு வேறு ஸ்கூலுக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

தம்பி மகனையும் அப்படித்தான் தள்ள வைத்தாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. அதைப் பற்றி அவளோ புருஷனோ வாய் திறந்ததில்லை. அந்த வேலையைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். தம்பியும் தம்பி பெண்டாட்டியும் டைல்ஸ் கடையைத் தூக்கி நிறுத்தப் பகலெல்லாம் கடையிலேயே கிடந்த காலத்தில் அந்தப் பையன் வளர்ந்தது இவள் வீட்டுச் சமையலறையில்தான். பையன் நல்ல பையன். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வாள். மரியாதை தெரிந்தவன், சிரித்த முகம், சொன்னால் கேட்பான். என்ன, பதினெட்டு வயது. அந்த வயதில் பயம் என்பது அடுத்தவர்களுக்கு வருகிற ஒரு வியாதி. அதற்கு அவன் என்ன செய்வான்?

அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் பெரியவர்கள். அவர்கள்தான் பையனுக்குப் பரிசாக, கடை வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டிய அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

பந்தயத்துக்குப் போகிற வண்டியைப் போல தாழ்ந்து, தரையோடு தரையாக நின்றது. சாதாரணக் கார் மூன்றின் எஞ்சினை ஒன்றாகச் சேர்த்தால் என்ன பலமோ அது அதற்குள் இருந்தது. வண்டியை ஒப்படைக்க வந்த ஷோரூம் இளைஞன், "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நூறு கிலோமீட்டர் வேகம் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவதை ஒருவன் டை கட்டிக்கொண்டு பெருமையாகச் சொல்கிறான், அதற்கு நாலு பேர் தலையாட்டுகிறார்கள்! பையனிடம் அப்போது இருந்தது பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் லைசென்ஸ்தான். முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அவன் தெருமுனை வரைக்கும்கூட வண்டியை எடுக்கக்கூடாது.

வந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். எடுத்துவிட்டு, "பாத்து ஓட்டுப்பா" என்றார்கள். சித்தப்பா சொன்னார், மாமா சொன்னார், கணக்கெழுதுகிறவர் சொன்னார். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டால் தங்கள் பொறுப்பு முடிந்தது என்று, கார் வந்ததற்காக வெட்டிய கேக்கை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். பிரேக்கக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்க அத்தை, ஒரு ரவுண்டு போவோம்" என்று கதவைத் திறந்தான் பையன். ஏறினாள். மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஆக்சிலேட்டரை ஒரே ஒரு தடவை அழுத்தினான். அவள் தலை சீட்டில் போய் மோதியது. கால் வழக்கம்போல் மிதித்தது. அங்கே பஞ்சு மாதிரி விரிப்புதான் இருந்தது, பிரேக் இல்லை.

"பயந்துட்டீங்களா அத்தை?" சிரித்தான்.

"பயந்துட்டேன். நீ பயப்படலையேன்னு இன்னும் பயந்துட்டேன். திருப்புடா வண்டிய."

திரும்பி வந்ததும் தம்பியைத் தனியாகக் கூப்பிடப் பார்த்தாள். அவன் நகரவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"தம்பி, இந்த வண்டிய இன்னைக்கே திருப்பிக் குடுத்துடு. ரெண்டு வருஷம் சின்ன வண்டி ஓட்டட்டும். இப்ப இது இவன் கையில இருந்தா யாரையாவது கொன்னுடும். இவனையே கூடக் கொன்னுடும்."

கேக் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். தம்பி பெண்டாட்டி ஓடி வந்து மகனை அணைத்துக்கொண்டாள், ஏதோ இவள்தான் காரை ஏற்ற வந்தவள் போல. "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு அண்ணி இது? வாயைக் கழுவுங்க! உங்களுக்குக் கருநாக்குன்னு தெரிஞ்சும் கூப்பிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

தம்பி குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "என் பையன் ஓட்டை வண்டியில போகணுமாக்கா? நாம பட்டது போதாதா? உனக்கு ஏன் வயிறு எரியுது?"

வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அவன் நினைத்த காரணத்துக்காக இல்லை. இதை எப்படி அவனுக்குப் புரிய வைப்பது என்று தெரியாமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகும் நாலைந்து தடவை போன் செய்தாள். தம்பி எடுக்கவில்லை. பையன் எடுத்து, "மெதுவாத்தான் ஓட்டுறேன் அத்தை" என்றான். பின்னணியில் அந்த எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாய்க்கால் ஓரத்து நேர்ரோட்டில் பையன் தனியாகக் காரைப் பறக்கவிட்டான். முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் பேக்கரியிலிருந்து வீடுகளுக்கு ரொட்டி கொண்டுபோகிறவர். காலை நேரம், காலியான ரோடு, ஓரமாகத்தான் போனார். கார் அவரைப் பின்னாலிருந்து அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மரத்தில் மோதி நின்றது. பையன் முதலில் போன் செய்தது ஆம்புலன்சுக்கு இல்லை, அப்பாவுக்கு. அப்பா வந்து மகனை மட்டும் அள்ளிக்கொண்டு போனார். ரொட்டிக்காரர் கிடந்த இடத்திலேயே கிடந்தார். அந்தப் பக்கம் நடக்க வந்த இரண்டு பேர் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். ஆக, வண்டியை ஓட்டியது யார் என்று கண்ணால் பார்த்த வெளி ஆள் ஒருவரும் இல்லை.

பிரேக்கக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது பையனுக்குத் தோள்பட்டை எலும்பில் கட்டுப் போட்டிருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அந்த ஒரு நிமிஷம் மற்ற எல்லாம் மறந்துபோனது நிஜம்.

அப்புறம் காதில் பேச்சு விழுந்தது. ஏசி போட்ட தனி அறை, சோபாவில் சொந்தங்கள். வண்டி இனி தேறாது என்றார் ஒருவர். கண்ணுபட்டுவிட்டது என்றார் இன்னொருவர். நேரம் சரியில்லை என்றார் மற்றொருவர். சைக்கிள்காரன் குறுக்கே வந்துவிட்டான் என்றான் தம்பி. பின்னாலிருந்து அடிபட்டவன் எப்படி ஐயா குறுக்கே வருவான்? இத்தனை பேரில், "அந்த ஆள் எப்படி இருக்காரு?" என்று கேட்க ஒரு வாய் இல்லை.

அவள் கேட்டாள். ஆளாளுக்குப் போனைப் பார்த்தார்கள். அவரையும் அங்கேதான் சேர்த்திருக்கிறார்கள் என்று நர்ஸிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். அந்த மனிதரின் மனைவி ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்; உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "ஒரு காலை எடுத்துட்டாங்கம்மா. இன்னொன்னைப் பாக்கறோம்னு உள்ள போயிருக்காங்க. அவர் நாலு மாடி ஏறி ரொட்டி போடறவரு" என்றாள். பிரேக்கக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வது? பாத்து ஓட்டச் சொன்னோம் என்று சொல்வதா?

மேலே வந்தபோது தம்பி வராந்தாவில் காத்திருந்தான்.

"அக்கா, ஒரு உதவி. போலீஸ் வரும். வண்டிய நீதான் ஓட்டினேன்னு சொல்லிடு. பையனுக்குக் கத்துக் குடுக்கக் கூட்டிட்டுப் போனே, அவ்வளவுதான். உன் லைசென்சுல இத்தனை வருஷத்துல ஒரு கீறல் இல்ல. கைதவறிடுச்சுன்னா விட்டுடுவாங்க. இவனை உள்ள போட்டா படிப்பு, எதிர்காலம் எல்லாம் போச்சு."

அவள் காதையே அவளால் நம்ப முடியவில்லை. "கீழ ஒருத்தருக்குக் காலே போச்சுடா!"

"அதுக்கு வேண்டியதை நான் பாத்துக்கறேன். நீ இதைச் செய். உன் வாயாலதானே வந்தது? உன் வாயாலயே சரி பண்ணு."

எத்தனை நேர்த்தியாகத் திருப்பிவிட்டான்! தீப்பெட்டியைப் பிள்ளை கையில் கொடுத்தது அவன். கொடுக்காதே என்று கத்தியது இவள். வீடு எரிந்ததும் குற்றம் கத்தினவள் தலையில். அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த தம்பி பெண்டாட்டியும், "நீங்க அன்னைக்கு வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா..." என்று மூக்கைச் சிந்தினாள்.

"முடியாது" என்றாள் பிரேக்கக்கா. "எனக்கு நாக்கு கருப்பாவே இருக்கட்டும். பொய் சொல்லாது. வக்கீல் வை, கூட நில்லு, நானும் நிக்கறேன். அவன் செஞ்சதை அவனே சொல்லட்டும். பையன்கிட்ட இந்தப் பேச்சை எடுத்தே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு பையனின் அறைக்குள் போய்விட்டான். அவன் வாயடைத்துவிட்டான் என்று அவள் நம்பினாள். பையன் வரைக்கும் இது போகாது என்றும் நம்பினாள். தன் சமையலறையில் வளர்ந்த பிள்ளை அல்லவா!

போலீஸ் அதிகாரி ஒரு பெண்மணி. சொந்தங்களை வெளியே அனுப்பிவிட்டு, அப்பா, அம்மா, அத்தை மூவரை மட்டும் இருக்கவிட்டார். கட்டில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பயப்படாம சொல்லுப்பா. வண்டிய ஓட்டினது யாரு?"

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்புறம் இவளைப் பார்த்தான்.

"அத்தை" என்றான்.

சின்ன வயதில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுவானே, அதே குரல். இவளுக்கு நெஞ்சு உருகிவிட்டது. பாவம், பயந்து கூப்பிடுகிறான் என்று இரண்டடி முன்னால் போய், "என்னடா கண்ணு? நான் இங்கதான் இருக்கேன், உள்ளதைச் சொல்லு" என்றாள்.

அவன் கண்களைத் தாழ்த்திக்கொண்டான். கூப்பிடவில்லை. பதில் சொல்லியிருக்கிறான்.

அதிகாரி இவள் பக்கம் திரும்பியபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. கன்னத்தில் அறை வாங்கியவள் போல் நின்றாள். பையன் மேல் வந்த வலியைவிடத் தம்பி மேல் வந்த ஆத்திரம் பெரிது. பாவி, காரைக் கொடுத்தாய், காலைப் பறித்தாய், போதாதா? என் பிள்ளையின் வாயையுமா கெடுத்தாய்? அவன் சொன்ன முதல் பெரிய பொய்க்கு என் உறவையா எடுத்துக் கொடுத்தாய்?

"மேடம்" என்றாள். "நான் அந்த வண்டியிலயே இல்ல. காலையில ஆறு மணியிலேர்ந்து மைதானத்துல ரெண்டு பேருக்குக் கத்துக் குடுத்துக்கிட்டிருந்தேன், அவங்களைக் கேளுங்க. ஓட்டினது இவன். பக்கத்துல ஆள் இல்லாம ஓட்டக்கூடாதுன்னு தெரிஞ்சே சாவியைக் கையில குடுத்தது இவங்க அப்பா. வேண்டாம்னு கெஞ்சினேன், கேக்கல. அப்பன் பேரையும் சேத்து எழுதுங்க."

"அக்கா!" என்று கத்தினான் தம்பி. "பெத்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்று தம்பி பெண்டாட்டி அழுதாள். பையன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். போர்வை குலுங்கியது.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "உறவு முறையும் எழுதணும். நீங்க இந்தப் பையனுக்கு என்ன வேணும்?"

தம்பி முந்திக்கொண்டான். "ஒண்ணும் வேணாம் மேடம். இவளுக்கும் எங்களுக்கும் இனி எந்த உறவும் இல்ல."

பிரேக்கக்கா கட்டிலில் போய் உட்கார்ந்தாள். போர்வைக்கு மேலே, கட்டுப் போடாத தோளில் கையை வைத்தாள். பையன் தள்ளிவிடவில்லை.

"அத்தை" என்றாள். "நல்லா அழுத்தி எழுதுங்க மேடம். சொந்த அத்தை."