என் காருக்கு இரண்டு பல்புகள்

ஐம்பதுகளின் நடுவில் நான் ராயபுரத்தில் பிரசவம் பார்க்கும் டாக்டராக இருந்தேன். மூன்று கட்டில் போட்ட சின்ன கிளினிக். எண்ணூர்க் குப்பங்களிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் நானே காரை ஓட்டிக்கொண்டு போவேன். எனக்கு முன்பு இரண்டு பேர் வைத்திருந்து விற்ற கார் அது. எஞ்சினைக் குறை சொல்ல முடியாது, ஆனால் முன்விளக்குகள் அழுது வடியும். திருவொற்றியூரைத் தாண்டினால் தெருவிளக்கும் கிடையாது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் உப்பு ஏற்றிய கட்டைவண்டி ஒன்றின் பின்னால் மோத இருந்து, கடைசி நொடியில் பிரேக் போட்டுத் தப்பினேன்.

மறுநாளே பழைய சாமான் கடைக்குப் போனேன். யுத்தம் முடிந்தபின் ராணுவத்தில் கழித்துவிட்ட சாமான்கள் அங்கே குவிந்துகிடக்கும். "இத்தப் போட்டுப் பாரும்மா, பகல் மாதிரி அடிக்கும்" என்று இரண்டு பல்புகளை எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். சொன்னபடியே அடித்தது. தூரத்தில் படுத்திருக்கும் எருமையின் கொம்புகூடத் தெரிந்தது. எதிரே வந்த வண்டிக்காரர்கள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஏதோ கத்தினார்கள். பொம்பளை கார் ஓட்டுவது பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம்தான். எண்ணூரில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. விளக்கு வைக்கும் நேரம், கடலோரச் சாலை. எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தார். பின்னால் தகரப்பெட்டி. என் வெளிச்சம் அவர் மேல் விழுந்ததும் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி, கடல் பக்கம் கொட்டியிருந்த கருங்கல் மேல் போய்ச் சாய்ந்தது. நான் இறங்கி ஓடினேன். சாலை முழுக்க பன் சிதறிக் கிடந்தது. அவர் இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையால் பன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆள் எனக்குத் தெரிந்தவர். திருவொற்றியூர் பேக்கரியிலிருந்து காசிமேட்டு டீக்கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகிறவர். அவர் மனைவிக்குத் தலைப்பிரசவம் என் கிளினிக்கில்தான்.

"கண்ணே தெர்ல டாக்டரம்மா. எல்லாம் வெள்ளையா ஆயிட்ச்சு" என்றார்.

மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி திரும்பிப் போகவேண்டிய திசையில், பிரசவம் எதிர்த்திசையில். நான் திகைத்து நிற்பதைப் பார்த்து அவரே கேட்டார்: "எங்க போயிகினு இருந்தே?" சொன்னேன். "அப்ப அத்த மொதல்ல பாரு. கை எங்கயும் ஓடாது."

பெட்டிக்குள் தட்டாக வைத்திருந்த பலகையை எடுத்து, என் பையிலிருந்த துணியால் கையோடு சேர்த்துக் கட்டினேன். அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு எண்ணூர் போனேன். நான் குடிசைக்குள் இருந்த நேரமெல்லாம் அவர் வெளியே மணலில் உட்கார்ந்திருந்தார். ஆண் குழந்தை. அழுகைச் சத்தம் கேட்டு வெளியிலிருந்து அவர்தான் முதலில் சிரித்தார். அதன் பிறகே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போடவைத்தேன். திரும்பும் வழியெல்லாம் விளக்கு போடவே எனக்குக் கை வரவில்லை. வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டு, எதிரே யாராவது வந்தால் ஓரமாக நிறுத்தி அணைத்து அணைத்து ஓட்டினேன்.

காலையில் அவர் மனைவி கிளினிக் வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"உனுக்கு வழி தெரியணும்னு லைட்டு போட்டுகினு போற. எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு வாணாவா? அவனும் வூட்டுக்குப் போய்ச் சேர வாணாவா?"

அவள் போன பிறகு, வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே ராயபுரத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரரிடம் போனேன். காரிலிருந்த பல்பைக் கழற்றிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இது லாரிக்கு உள்ளதுல்லா டாக்டரம்மா. அறுவது வாட். உங்க காருக்கு இதப் போடப்பிடாது. உள்ள எரியிற இழை இருக்கவேண்டிய இடத்துல இல்ல, வெளிச்சம் ரோட்டுல விழாம மேல செதறும். பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்தா வண்டிய நிறுத்திருவாரு."

"சட்டப்படி எது சரி?"

மேஜை மேல் துணி விரித்து வேறு இரண்டு பல்புகளை வைத்தார். முப்பத்தாறு வாட், ஒவ்வொன்றிலும் இரண்டு இழை. ஒன்று தூரத்துக்கு, மற்றொன்று ஆள் எதிரே வந்தால் ஒளியைத் தாழ்த்தி இடப்பக்கம் திருப்ப. "பல்பு சரியா இருந்தா மட்டும் போதாது. வெளக்கு பாக்கிற தெசையும் சரியா இருக்கணும். சாயங்காலம் செவருக்கு நேரா நிறுத்தித் திருப்பி வைக்கணும்" என்றார்.

புதுப் பல்புகளை மாட்டி, மாலையில் கடைக்குப் பக்கத்திலிருந்த கிடங்குச் சுவருக்கு எதிரே காரை நிறுத்தினோம். கடைக்காரர் விளக்கின் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்போது கழுத்தில் கட்டிய துணித் தூளியில் கையைத் தொங்கவிட்டபடி ரொட்டிக்காரர் வந்தார். கூடவே மனைவி. நான் விளக்கைச் சரிபார்க்கப் போயிருக்கிறேன் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

"இவதான் இட்டுகினு வந்தா" என்றார் மனைவியைக் காட்டி.

"செவுத்துக்குக் கண்ணு கீதா? நீ போய் நில்லு" என்றாள் அவள், அவரிடம். என்னைப் பார்க்கவில்லை.

அவர் காருக்கு முன்னால் முப்பது அடி தள்ளிப் போய், சைக்கிளில் உட்கார்ந்தால் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த அளவுக்குக் குனிந்து நின்றார். நான் ஒளியைத் தாழ்த்தி விளக்கைப் போட்டேன். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எறக்கு. இன்னும் கொஞ்சம். வலது பக்கத்துது என் மேலயே வருது பாரு."

கடைக்காரர் திருகினார். நாலைந்து முறை அப்படி. கடைசியில் ரொட்டிக்காரர் கண்ணைச் சிமிட்டாமல் நேராகப் பார்த்து, "இப்ப உன் மூஞ்சிகூடத் தெரியுது டாக்டரம்மா" என்றார். அவர் மனைவியும் ஒருமுறை போய் நின்று பார்த்தாள். திரும்பி வந்து, கணவரின் தூளியை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிவிட்டாள்.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் அந்த மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. சைக்கிள் ஓட்டினார், பெட்டியைத் தூக்கி இறக்கத்தான் முடியவில்லை. பேக்கரிக்காரரிடம் நான் போய்ப் பேசினேன். கடையில் விற்பனைக்கு உட்காரவைத்தார்கள். தெருவில் சுற்றுகிற வேலைதான் பிடிக்கும் என்று ரொட்டிக்காரர் சில காலம் குறைபட்டுக்கொண்டிருந்தார். அது நியாயம்தான். இரண்டாவது பிரசவத்துக்கும் அவர் மனைவி என்னிடமே வந்தாள்.

புதுப் பல்பில் எருமைக் கொம்பெல்லாம் தெரியாது. வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் போகப் பழகிக்கொண்டேன். அதனால் எண்ணூரில் ஒருமுறை நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெற்றவள் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் டீயுமாக உட்கார்ந்திருந்தாள். "இன்னா டாக்டரம்மா, நடந்தா வந்தே?" என்று கேட்டுச் சிரித்தாள்.